ஃப்ரீசரில் வைக்கும் கண்ணாடிப் பாட்டிலுக்கு எந்த மூடி ஏற்றது?

கேள்வி:
எலுமிச்சை மலிவாகக் கிடைத்த வாரத்தில் சாறு பிழிந்து, பழைய ஜாம் பாட்டில்களில் நிரப்பி, தகர மூடியை இறுகத் திருகி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் ஒரு பாட்டிலின் தோள்பகுதி விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றின் மூடி உப்பியிருந்தது. பிளாஸ்டிக் மூடி வாங்கினால் இதைத் தவிர்க்க முடியுமா?

மறுமொழி 1:
மூடியை மாற்றுங்கள், ஆனால் பாட்டிலைக் காப்பாற்றுவது மூடியன்று. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அரை லிட்டருக்கு இது சுமார் 45 மில்லி. கழுத்து குறுகிய பாட்டிலில் மேற்பரப்பு முதலில் உறைந்து தக்கை போல அடைத்துக்கொண்டால், கீழே உறையும் சாறு மேலெழ வழியின்றித் தோளைப் பிளந்துவிடும்; மூடியே போடாமல் வைத்தாலும் இது நேரலாம். ஆகவே வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள பாட்டிலை எடுத்து, மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, முழுவதும் உறைந்த பிறகே இறுக்குங்கள்.

மறுமொழி 2:
எலுமிச்சைச் சாற்றுக்குத் தகர மூடி எனக்கு உடன்பாடில்லை. உட்பூச்சில் சிறு கீறல் இருந்தாலும் புளிப்பு அதன் வழியே தகரத்தை அரிக்கும். வெளியே எடுக்கும்போது படியும் ஈரத்தால் விளிம்பும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்கிலும் வேறுபாடு உண்டு. மூடியின் உட்புறத்தில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன்; கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை பெறுவதால், உறைந்த நிலையில் வலிந்து திருகினால் வெடிக்கக்கூடும். 2 அல்லது 4 என்றிருக்கும் பாலிஎத்திலீன் அக்குளிரிலும் நெகிழ்வாகவே இருக்கும். மூடிக்குள் கசிவைத் தடுக்கும் வளையம் வேண்டுமென்றால் சாதாரண ரப்பரைவிடச் சிலிக்கோன் மேல்.

மறுமொழி 3:
ஆய்வகத்தில் மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் உறையவைப்பது எங்கள் அன்றாட வேலை. புட்டியைச் சாய்த்து வைத்தால் திரவத்தின் மேற்பரப்பு அகலமாகி, விரிவதற்கு வழி கிடைக்கும். ஆய்வகப் புட்டிகளுக்குப் பயன்படும் போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி என்றால் உடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது திடீர் வெப்பமாற்றத்தைத்தான் தாங்கும், பனிக்கட்டியின் அழுத்தத்தையன்று.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. விரிசல் விட்ட பாட்டிலின் சாற்றை வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 2:
வேண்டாம், கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு வடிகட்டியில் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.