சபைகூடல் ஒலிபெருக்கிக்குக் காதைப் பொத்தும் மகன்: பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

செம்பனையோரத்து அம்மா, சுங்கை சிப்புட்

வணக்கம். இரண்டாம் ஆண்டில் பயிலும் என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியாகி, மாற்றுத்திறனாளி அட்டையும் எடுத்துவிட்டோம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. மற்றப் பிள்ளைகளோடுதான் படிக்கிறான். எழுத்தும் கணக்கும் நன்றாகவே வருகின்றன. ஆனால், திங்கட்கிழமைச் சபைகூடலில் ஒலிபெருக்கி கீச்சிட்டாலோ, தகரக் கூரைமேல் மழை கொட்டினாலோ, காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிடுகிறான். சிற்றுண்டிச்சாலைக்குள் கால் வைப்பதே இல்லை. கட்டிக் கொடுக்கும் சோறு அப்படியே வீடு திரும்புகிறது. வகுப்பாசிரியை அன்பானவர்தான். இருந்தும், "செல்லம் கொடுத்துவிட்டீர்கள், பழகினால் சரியாகிவிடும்" என்கிறார். காதுமூடி வாங்கித் தரலாமா? பள்ளியிடம் எதைக் கேட்பது நியாயம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்

அம்மா, "பழகிவிடும்" என்று நானும் பெற்றோரிடம் சொன்னதுண்டு. அது தவறு என்பதை ஒரு மாணவனின் இரண்டு ஆண்டு அழுகைக்குப் பிறகே உணர்ந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. முதலில் இரண்டு வாரங்களுக்கு, அவன் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு கலங்கினான் என்பதை ஆசிரியையும் நீங்களும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், தலைமையாசிரியர் மறுக்கமாட்டார். ஒலிபெருக்கிக்குத் தொலைவில் வரிசையின் கடைசியில் நிற்பதும், மணியடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக உணவு உண்ணச் செல்வதும், மழை வலுத்தால் நூலகத்தில் அமர்வதும் செலவில்லாத ஏற்பாடுகள். சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கையை மலேசியக் கல்வி அமைச்சு 2019இல் கொண்டுவந்தது. ஆகவே, தயங்காமல் கேளுங்கள்.

ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்பாட்டுப் பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளர்), ஈப்போ

இது செல்லத்தால் வருவது அன்று. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 கையேடே ஆட்டிசத்தை அறியும் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். புலன்கள் தாங்காமல் கலங்கும் பிள்ளையோ, எதைக் கொடுத்தாலும் இரைச்சல் குறையும்வரை மீளாது. ஆசிரியையிடம் இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்குங்கள். காதுமூடியைச் சபைகூடல், மழை, சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். நாள் முழுவதும் அணிந்தால் சிறிய ஒலிகூடப் பெரிதாகத் தோன்றக்கூடும், பாடமும் காதில் விழாது. வகுப்பு விளக்குகளையும் பாருங்கள். பழைய சோக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்) பொருத்திய குழல்விளக்கு நம் நாட்டு மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குப் புலப்படாத அந்த மினுக்கமும் இரைச்சலும் சில பிள்ளைகளை வாட்டும்.

இரு பிள்ளைகளின் தாய், கோலசிலாங்கூர்

சகோதரி, என் மகளுக்குச் சீருடையே பெரும் துன்பமாக இருந்தது. கழுத்துப் பட்டியிலுள்ள துணி முத்திரையை வெட்டி, புதுச் சட்டையை நான்கைந்து முறை துவைத்த பின்னரே அணிவிப்பேன். கேலியைப் பற்றி நானும் அஞ்சினேன். ஆசிரியை வகுப்பில், "உங்களுக்குக் கண் கூசினால் தொப்பி போடுகிறீர்கள், அவளுக்குக் காது கூசுகிறது" என்று ஒருமுறை சொன்னார். அதன்பின், அவள் மறந்துவிட்டால் பக்கத்துப் பிள்ளையே காதுமூடியை எடுத்துக் கொடுக்கிறாள்.

செம்பனையோரத்து அம்மா, சுங்கை சிப்புட்

மூவருக்கும் நன்றி. இன்றே குறிப்பேடு தொடங்கிவிட்டேன். சபைகூடலில் கடைசி வரிசை, ஐந்து நிமிடம் முன்னதாக உணவு: முதலில் இவ்விரண்டை மட்டும் வகுப்பாசிரியையிடம் கேட்கப்போகிறேன்.