தம்பி மேட்ச் அன்று வாந்தி எடுக்கிறான், இது சகஜமா?

கோலியின் அக்கா:
தம்பிக்கு 23 வயது. தொழில்முறை கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர் (கோலி). மேட்ச் அன்று காலையில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறான். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதாம். எனக்குக் கேட்காதா? போன மாதம் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். அந்த ஒன்பது நொடி வீடியோவை இன்னும் யார் யாரோ அவனுக்கே அனுப்புகிறார்கள். நடுராத்திரியில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். டீம் டாக்டரிடம் சொல்லுடா என்றால், "சொன்னா பெஞ்சுதான்க்கா, ஆட விடமாட்டாங்க. சீசனோட கான்ட்ராக்ட் முடியுது" என்கிறான்.

பழைய ஸ்டாப்பர்:
பயப்படாதீங்க. 2014 உலகக் கோப்பை ஜெயித்த ஜெர்மனி அணியில் இருந்த மெர்டசாக்கரே மேட்சுக்கு முன்னால் குமட்டலும் வயிற்றுப்போக்குமாகத் தவித்ததை 2018ல் ஒரு பேட்டியில் சொன்னார். 2006 அரையிறுதியில் தோற்றபோது வருத்தத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்ததாம்! தடுப்பாட்டம் ஆடிய எனக்கும் மேட்ச் அன்று வாழைப்பழம்கூட இறங்காது. விசில் ஊதினால் சரியாகிவிடும்.

மழைநாள் ரசிகன்:
ஸ்டாப்பர் அண்ணே, விசிலுக்கு அடங்குவது பதற்றம். ராத்திரி தூங்காமல் கிடப்பது வேறு. அதைவிட அந்த 'சொன்னா பெஞ்சு'தான் எனக்கு உதைக்குது. ஜெர்மனியின் ஹானோவர் 96 கிளப் கோலி ராபர்ட் என்கேவும் அப்படித்தான் மறைத்தார். 2006ல் இரண்டு வயது மகளை இதயக் கோளாறில் பறிகொடுத்தவர். மனச்சோர்வு வெளியே தெரிந்தால் ஆட்டம் போகும், தத்தெடுத்த குழந்தையையும் வாங்கிக்கொள்வார்கள் என்று பயந்தார். 2009 நவம்பரில் தற்கொலை. வயது 32.

ஸ்ட்ரைக்கர் பத்து பந்தை வெளியே அடிக்கலாம், கீப்பர் ஒன்றை விட்டால் போச்சு. 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் வாங்கிய கோலுக்காக, 2000ல் சாகும்வரை தன் கீப்பர் பார்போசாவைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தது பிரேசில்.

அக்கா, டீம் டாக்டருக்குச் சம்பளம் கிளப்பிலிருந்து. அந்தத் தயக்கம் இருந்தால் வெளியில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க. மாத்திரை எழுதினால், ஊக்கமருந்துச் சோதனை உண்டு என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. உயிரோடு இருக்கப் பிடிக்கலையான்னு தம்பிகிட்ட நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

கோலியின் அக்கா:
நேற்று கேட்டேன். ரொம்ப நேரம் கையுறையின் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தான். "அப்படியெல்லாம் இல்லக்கா. கால் உடைஞ்சா நல்லாருக்கும்னு தோணுது, அவ்வளவுதான்" என்றான். அவ்வளவுதானாம்! வியாழக்கிழமை வெளி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கூடவே நானும் போகிறேன்.