சைக்கிள் முன்சக்கரத்துக்கு காத்து குறைக்கணுமா? "85னு போட்டிருக்கா, 85 அடி" என்ற மகானுக்கு

அச்சாணி:
டயர் வாங்குவது பற்றிய பேச்சில் ஒருத்தர் இப்படி எழுதியிருக்கிறார்: "டயர் பக்கவாட்டில் 85 பிஎஸ்ஐன்னு போட்டிருந்தா ரெண்டு சக்கரத்திலும் 85 அடிச்சிடுங்க. கல்லு மாதிரி இருந்தாத்தான் வேகம். முன்னால குறைச்சா பிரேக் பிடிக்கும்போது கவுத்துடும்." மூணு வாக்கியம், மூணும் தப்பு. அதுக்குக் கீழே நன்றி சொல்லி ஒரு வரிசையே நிக்குது.

பிஎஸ்ஐங்கிறது காத்தழுத்த அளவு. பக்கவாட்டில் அச்சடிச்சிருப்பது உச்சவரம்பு. இதுக்கு மேல போகாதே என்று அர்த்தம், இவ்வளவு அடி என்று அர்த்தமில்லை. 55 கிலோ ஆளும் 100 கிலோ ஆளும் அதே டயரைத்தான் வாங்குறாங்க. தரையில் பதியும் பரப்பு தோராயமா எடையை அழுத்தத்தால் வகுத்தா வருவது. பின்சக்கரத்தில் 40 கிலோ இறங்கி, உள்ளே 6 பார் (87 பிஎஸ்ஐ) இருந்தா ஆறரை சதுர சென்டிமீட்டர்தான் தரையைத் தொடும். எடை மாறினா அழுத்தமும் மாறணும். முன்சக்கரத்தில் எடை குறைவு, அதனால அங்க 8 முதல் 10 சதவீதம் குறைச்சு அடிக்கணும். இதுல விவாதிக்க ஒண்ணுமே இல்ல.

எதிர்க்காற்று:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், செயினுக்கு மெழுகா எண்ணெயான்னு பேசினப்ப செஞ்ச மாதிரி. அந்தக் கோபம் இன்னும் ஆறலன்னு புரியுது.

ஒரே கேள்வி. பிரேக் பிடிச்சா எடை எங்க போகும்? முன்னாலதானே? எந்தச் சக்கரம் நம்மள நிறுத்துதோ அதுல காத்தைக் குறைக்கச் சொல்றீங்க. பேஷ்.

புதுப்பெடல்:
எனக்கு 82 கிலோ. சைக்கிள் 12 கிலோ. 32 மிமீ டயர். பாதி தார் ரோடு, பாதி சரளை. எவ்வளவு அடிக்கணும்?

அச்சாணி:
@எதிர்க்காற்று மெழுகு விஷயத்தில் யார் சரின்னு செயினைத் துடைச்ச துணியே சொல்லும், அதை விடுங்க.

பிரேக் கேள்விக்குப் பதில். உட்கார்ந்திருக்கும் ஆளோட சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு அச்சுக்கும் இடைவெளி ஒரு மீட்டர் சுமார். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகத்தைக் குறைச்சாலே பின்சக்கரம் தரையை விட ஆரம்பிக்கும். ஆமா, அந்த நேரம் மொத்த எடையும் முன்னாலதான். யார் மறுத்தா? ஆனா அது ரெண்டு மூணு வினாடி. அந்த ரெண்டு வினாடிக்காக மீதி நேரம் முழுக்க முன்சக்கரம் கட்டை மாதிரி துள்ளணுமா?

சாதாரண ஓட்டத்தில் எடை முன்னால 45 சதவீதம், பின்னால 55. அதாவது பின்னைவிட முன்னால 18 சதவீதம் எடை கம்மி. எடையை மட்டும் பார்த்தா அழுத்தத்தையும் 18 சதவீதம் குறைக்கணும். பிரேக்கை மனசில் வெச்சுத்தான் அதுல பாதி, 9 சதவீதம். புரியுதா?

எதிர்க்காற்று:
பாதின்னு யார் சொன்னா? மூணுல ஒண்ணு ஏன் இல்ல? முக்கால் ஏன் இல்ல?

பஞ்சர்பெட்டி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் எந்தப் பம்ப்பு முள்ளைப் பார்த்து இந்த 9 சதவீதத்தை அளக்கிறீங்க? 160 வரைக்கும் போற டயல், முழு அளவில் 3 சதவீதம் பிழைன்னு வெச்சுக்கங்க, கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ. பின்னால 60, முன்னால 55ன்னா வித்தியாசமே 5. சண்டை மொத்தமும் முள்ளோட தடிமனுக்குள்ள நடக்குது.

அச்சாணி:
ஒரே கேஜில் ரெண்டு சக்கரத்தையும் அளந்தா பிழையும் ரெண்டுக்கும் ஒரே பக்கம்தான் சாயும். சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி ஓடினாலும் ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி மாறாது. உண்மையான அழுத்தம் எவ்வளவுன்னு தெரியாம போகலாம், வித்தியாசம் தெரியும். முதலில் ஒரு எண் பிடிபட்டதும் அதே பம்ப்பிலேயே இருங்க, அவ்வளவுதான். 30க்குக் கீழ அடிக்கிறவங்க 60 வரைக்கும் மட்டும் டயல் உள்ள தனி கேஜ் வெச்சுக்கணும்.

இன்னொரு வழக்கமான தப்பு: பிரெஸ்டா வால்வில் (முனையில் திருகு உள்ள ஒல்லி வால்வு) பம்ப்பைக் கழட்டும்போது வர்ற 'புஸ்' சத்தத்தைக் கேட்டு "காத்து போச்சு"ன்னு மறுபடி மாட்டி 5 கூட்டி அடிக்கிறது. அது ஹோஸுக்குள்ள இருந்த காத்து. டயர்லேருந்து ஒண்ணும் போகல. மாட்டுறதுக்கு முன்னாடி வால்வு முனையைத் திருகித் தளர்த்தி ஒரு தடவை அழுத்தி விடுங்க, ஒட்டியிருந்தா விடும். ஒரு அடி அடிச்ச பிறகு முள் எங்க நிக்குதோ அதுதான் அளவு. அடிக்காம மாட்டினதும் முள்ளைப் பார்த்தா அது பூஜ்யம்தான் காட்டும்.

சொல்லாய்வு:
'காத்து' அன்று, காற்று. 'கேஜ்' அன்று, அழுத்தமானி. இத்தனை துல்லியம் பேசுவோர் மொழியில் மட்டும் ஏன் காற்றிறங்கிப் போகிறீர்கள்?

பஞ்சர்பெட்டி:
அழுத்தமானின்னு கூப்பிட்டா முள்ளு நேரா நிக்குமா ஐயா?

எதிர்க்காற்று:
பாதி எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னும் பதில் வரல.

அச்சாணி:
வருது. அதுக்கு முன்னாடி "கல்லு மாதிரி இருந்தா வேகம்" என்ற உங்க இன்னொரு முத்து. சோதனைக்கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளை மேல டயரை ஓட்டினா அழுத்தம் ஏற ஏற உருளும் தடை குறையும், உண்மை. அதுவும் போகப் போக லாபம் சுருங்கிட்டே வரும். ரோடு உருளை இல்ல. சொரசொரப்பு இருக்கு. ஒரு அளவுக்கு மேல டயர் உள்வாங்க மறுத்துடும், சைக்கிளும் ஆளும் சேர்ந்து எகிறுவாங்க. அந்த உலுக்கல்ல போறதெல்லாம் மிதிச்ச சக்திதான். அந்த எல்லையைத் தாண்டினதும் நஷ்டம் சட்டுனு ஏறும். எல்லைக்குக் கீழ 5 பிஎஸ்ஐ தவறினா கொஞ்சமா போகும், மேல 5 தவறினா நிறைய போகும். அதனால சந்தேகம் வந்தா குறைச்சுத்தான் அடிக்கணும், கூட்டி இல்ல.

அகலமான டயருக்கு மாறினவங்களும் இதே தப்பைத்தான் பண்றாங்க. டயர் உறையில் வர்ற இழுவிசை அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கினபடி ஏறும். 25 மிமீ டயரில் 90 எவ்வளவு விறைப்பா இருக்குமோ, 32 மிமீ டயரில் 70 அவ்வளவு விறைப்பு. பழைய 90ஐயே அடிச்சுட்டு "அகல டயர் சொகுசே இல்ல"ன்னு புலம்பினா டயர் என்ன பண்ணும்?

புதுப்பெடல்:
என் கேள்வியை யாராவது பார்த்தீங்களா?

மேட்டுப்பாதை:
மலைப்பாதை ஓட்டுறவங்க இதையெல்லாம் எப்பவோ முடிச்சுட்டோம். 2.35 இன்ச் ட்யூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்), 75 முதல் 80 கிலோ ஆள்: பின்னால 25, முன்னால 22ல ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் 1 பிஎஸ்ஐ இறக்கி அதே இறக்கத்தில் ஓட்டிப் பாருங்க. ரிம் கல்லுல 'டங்'னு இடிச்சா 2 கூட்டுங்க. வளைவுல டயர் நெளிஞ்சு விளிம்பிலிருந்து காத்து துப்பினா அதுவும் ரொம்பக் குறைவுதான், சீலண்ட் (ஓட்டையை அடைக்க உள்ளே ஊத்துற திரவம்) ரிம் ஓரத்துல வடிஞ்சு காய்ஞ்சிருக்கும் பாருங்க. குதிச்சு இறங்குற ஆளுக்கும் பார்த்துப் பார்த்து ஓட்டுற ஆளுக்கும் ஒரே எடையிலேயே 3 பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். உங்க கணக்குல அதுக்கு இடம் இருக்கா?

முன்னால குறைவு. எப்பவும் குறைவு. அங்கதான் பிடிப்பு வேணும்.

எதிர்க்காற்று:
2.35 இன்ச் டயரைக் கொண்டுவந்து 32 மிமீ பேச்சுல நுழைக்காதீங்க. உங்க 22, 25க்கு 12 சதவீதம் வருது. அவர் 9ங்கிறார். உங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. பாதிங்கிறது பாதியாகவே நிக்கல!

பஞ்சர்பெட்டி:
தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால். இங்க மூணு பேரு, மூணு முயல்.

அச்சாணி:
சரி, பாதி. சைக்கிள் தொழில்நுட்பம் பற்றி எழுதின ஃப்ராங்க் பெர்ட்டோ டயர் டயரா அளந்து 15 சதவீத இறக்கம்னு ஒரு விதி சொன்னார். ஆள் ஏறினதும் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்கணும். 32 மிமீ டயருக்கு 4.8 மிமீ. சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ரிம் விளிம்புலேருந்து தரை வரைக்கும் வெர்னியரில் அளங்க. ஏறி உட்கார்ந்து, கை வழக்கமா இருக்கும் இடத்தில் வெச்சு, முழங்கையை மட்டும் லேசா சுவரில் தொட்டுக்கிட்டு, இன்னொருத்தரை மறுபடி அளக்கச் சொல்லுங்க. எடைப் பங்கு தெரியணும்னா ஒரு சக்கரத்துக்கு அடியில் எடை மெஷின், இன்னொன்றுக்கு அடியில் அதே உயரத்தில் பலகை. பலகை இல்லாம அளந்தா சைக்கிள் சாய்ஞ்சு கணக்கு தப்பும். ஹேண்டில்பாரில் கையைக் கீழ் வளைவுக்கு மாத்தினாலே முள் நகர்றதைப் பார்க்கலாம்.

பிரேக் நேரத்துல முன்சக்கர எடை ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல போகும், 4.8 மிமீ இறக்கம் 10 மிமீ பக்கம் வரும். தட்டையான ரோட்டில் ரிம் தரையைத் தொட இன்னும் நிறைய இடம் இருக்கு. பிரேக் பிடிச்சபடியே குழியோட கூர்மையான விளிம்பில் விட்டாத்தான் டியூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். அந்த ஒரு ஆபத்துக்காகத்தான் 18ஐ 9 ஆக்குறது. இது சமரசம். சமரசம்னா எடுத்தது பாதி, விட்டது பாதி.

எதிர்க்காற்று:
ஆக, பாதி ஒத்துக்கிட்டீங்க. மீதிப் பாதியையும் ஒத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சது. ரெண்டு சக்கரத்திலும் சமம்.

அச்சாணி:
நான் எதையும் ஒத்துக்கல.

புதுப்பெடல்:
இப்பதான் பார்த்தேன், ரிம்மில் 'ஹூக்லெஸ், அதிகபட்சம் 5 பார்'னு போட்டிருக்கு. டயரில் 85 பிஎஸ்ஐ. ட்யூப்லெஸ். எதைக் கேட்கணும்?

அச்சாணி:
பார்த்தீங்களா! 5 பார்னா 72.5 பிஎஸ்ஐ. ஹூக்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பைப் பிடிச்சுக்க கொக்கி கிடையாது, அழுத்தம் ஏறினா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். ரிம் ஒரு எண் சொல்லி டயர் வேற எண் சொன்னா ரெண்டுல சின்னதுதான் சட்டம். அந்த டயர் ஹூக்லெஸ்ஸுக்கு ஆகும்னு தயாரிப்பாளர் சொல்லியிருக்கணும், அதையும் பாருங்க. வெயில்ல நிறுத்தினாலும் ஏறும்: 20 டிகிரியில் 60 அடிச்ச டயர் 40 டிகிரியில் 65. எல்லையை ஒட்டி அடிச்சா இடமே இல்ல. "85 அடிச்சிடுங்க"ன்னு எழுதினவர் இதுக்கு என்ன சொல்றார்?

எதிர்க்காற்று:
நான் ஹூக் உள்ள ரிம்முக்குச் சொன்னேன். அது தெரியாதவங்க யாருமில்ல.

பஞ்சர்பெட்டி:
எழுதும்போது அந்த ஹூக் எங்க மாட்டிக்கிட்டிருந்துச்சு?

எதிர்க்காற்று:
கேஸ் அடைச்ச சின்ன உருளையால டியூப்புக்குக் காத்தடிச்சுட்டு மறுநாள் "இறங்கிடுச்சு"ன்னு வந்த ஆளு நீங்க. கார்பன் டை ஆக்சைடு டியூப் ரப்பர்ல சீக்கிரம் கசியும்னு அன்னிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.

சொல்லாய்வு:
கரியமில வாயு.

அச்சாணி:
@புதுப்பெடல் பின்னால 60, முன்னால 55. சரளை அதிகம்னா ரெண்டிலும் 5 இறக்குங்க, ஈர ரோட்டுக்கு 3. டயரோட நிஜ அகலத்தை வெர்னியரில் பாருங்க. அகலமான ரிம்மில் 32ன்னு எழுதினது 34 நிக்கும், அப்ப இன்னும் 4 இறக்கலாம். பெர்ட்டோ கணக்கு டியூப் டயருக்கு, ட்யூப்லெஸ்ஸில் நசுங்க டியூப் இல்லாததால அதுக்குக் கீழயே ஓடலாம். அறிகுறி பார்த்து மாத்துங்க: வளைவில் முன்சக்கரம் தத்தித் தத்தி வெளியே போச்சுன்னா அதிகம். எழுந்து நின்னு மிதிக்கும்போது பின்டயர் குழையுதுன்னா குறைவு.

எதிர்க்காற்று:
62, 62. முடிஞ்சது.

மேட்டுப்பாதை:
சரளைன்னா 62ஆ? பல்லு பத்திரம்.

புதுப்பெடல்:
ரொம்ப நன்றி அண்ணே. 82ங்கிறது பை இல்லாம. பையில 6 கிலோ இருக்கும்.

எதிர்க்காற்று:
பையை எங்க மாட்டுறார்னு கேளுங்க. ஹேண்டில்பார்லன்னா உங்க 45, 55 போச்சு, பாதியும் கூடவே போச்சு.

புதுப்பெடல்:
ஹேண்டில்பார்லதான்.

அச்சாணி:
அப்ப எடை முன்னால 48 சதவீதம், பின்னால 52 மாதிரி வரும். எடை வித்தியாசம் 8 சதவீதத்துக்குள்ள, அதுல பாதி 4. பின் 60, முன் 58.

எதிர்க்காற்று:
60, 58! இன்னும் ஒரு தண்ணி பாட்டிலை முன்னால மாட்டச் சொல்லுங்க, நான் சொன்ன இடத்துக்கே வந்துடுவீங்க.

அச்சாணி:
பாட்டில் ஃப்ரேமுல மாட்டுறது. அதோட எடை ரெண்டு சக்கரத்துக்கும் பிரியும். கணக்கு போட்டுக் காட்டவா?

பஞ்சர்பெட்டி:
வேணாம்.

அச்சாணி:
கீழ்க்குழாயில் 750 மில்லி பாட்டில்னு வெச்சுக்குவோம். முன் அச்சிலிருந்து அது…