மெனுவில் இல்லாத சாப்பாடு

புதுக்கோட்டைக்காரன், சிங்கப்பூர்:

வெளிநாட்டில் சமையல் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஆளுக்கொன்று நம் மன்றத்தில் எழுதலாம் என்றதும் எனக்கு ஒரு தாய்லாந்து அக்கா முகம்தான் வந்தது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் என்று ஒரு கட்டடம். 1973இல் கட்டியது. 16 மாடி, ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கும். நமக்குத் தேக்கா (லிட்டில் இந்தியா) எப்படியோ, தாய்லாந்துக்காரர்களுக்கு அது அப்படி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப, முடிவெட்ட, சாமான் வாங்க, பீர் குடித்துவிட்டுப் பாட, எல்லாம் அங்கேதான். தென் தாய்லாந்தின் ஹட்யாய் போகும் பஸ்ஸும் அப்போது அங்கிருந்தே புறப்படும். 2010 வாக்கில் எங்கள் சைட் அந்தப் பக்கம் இருந்தது. கூட வேலை பார்த்த தாய்லாந்து வெல்டர் ஒருவர்தான் அக்கா சமைக்கிற கடைக்கு முதலில் கூட்டிப்போனார்.

கடை முன்னால் படம் போட்ட மெனு. டாம் யாம் சூப், பாட் தாய் நூடுல்ஸ், கிரீன் கறி, அன்னாசிப்பழத்தைக் குடைந்து அதில் வைத்த ஃப்ரைட் ரைஸ். நாலைந்து மாதத்தில் வரிசையாகச் சாப்பிட்டு முடித்தேன். ஊருக்குப் போன் போட்டால் ‘தாய்லாந்துச் சாப்பாடு நமக்கு அத்துப்படி’ என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் மூன்றரைக்குப் போனேன். கடையில் ஈ காக்கை இல்லை. உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. எங்கள் ஆத்தா கருவாட்டுப் பானையைத் திறந்தால் வருமே, அதே வாசம், கொஞ்சம் புளித்துப்போய். எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தட்டின் மேல் சட்டி மூடியைக் கவிழ்த்துவிட்டார். “ஸாரி, ஸாரி, நாத்தம்” என்றார்.

“கருவாடு” என்றேன். புரியவில்லை. போனில் நெத்திலிக் கருவாடு படம் தேடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மூடியை எடுத்தார்.

மெனுவில் இருந்த ஒன்றுகூட அந்தத் தட்டில் இல்லை. சுட்ட மிளகாய், சுட்ட சின்ன வெங்காயம், பூண்டு, மூன்றையும் உரலில் இடித்து, மீன் ஊறல் சாறு விட்டுக் குழைத்த ஒரு தொக்கு. ‘ஜேவ்’ என்பார்கள். நம் ஊர் மிளகாய்த் துவையலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. தொட்டுக்கொள்ள அவித்த காராமணி, பச்சைக் கத்தரிக்காய். பக்கத்தில் மூடி போட்ட மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. அந்த அரிசியை ராத்திரியே ஊறப்போட்டு, கூம்பு மாதிரி பின்னிய மூங்கில் கூடையில் கொட்டி, ஆவியில் வேகவைப்பார்கள். வடிக்கிற வேலையே இல்லை. அக்கா ஒரு பிடி எடுத்து விரல் நுனியிலேயே உருட்டினார். கோலிக்குண்டு அளவுதான். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி போட்டு, அதில் ஜேவை அள்ளி வாயில் போட்டார். கையில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. நான் உருட்டியது உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. சிரித்தார். ஆனால் நான் கையால் சாப்பிடுகிறேன் என்பதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அவர் ஊர் உடோன் தானி. ஈசான் என்னும் வடகிழக்குப் பகுதி, 20 மாகாணங்கள், லாவோஸை ஒட்டியது. சாப்பாடும் பேச்சும் லாவோஸ் பக்கம்தான் சாயும். அந்த மீன் ஊறலுக்குப் பெயர் பிளாரா. வயல் மீன், ஆற்று மீனை உப்போடும் வறுத்த தவிடோடும் பிசைந்து ஜாடியில் மாதக்கணக்கில் மூடி வைப்பது. “பாட் தாய்?” என்று கேட்டேன். கையை வீசினார். அவர் அம்மா வாழ்நாளில் அதைச் செய்ததில்லையாம். அக்காவே கற்றுக்கொண்டது சிங்கப்பூர் வந்த பிறகு, சொல்லிக்கொடுத்தது ஒரு சீனச் சமையல்காரர்! பிபுன் சோங்கிராம் பிரதமராக இருந்தபோது, இரண்டாம் உலகப்போரை ஒட்டி, அரசாங்கமே நாடு முழுக்கப் பரப்பிவிட்ட நூடுல்ஸ் அது என்று பிற்பாடு படித்தேன். நான் ‘அத்துப்படி’ என்று அளந்தது இதைத்தான்.

அடுத்த ஞாயிறு தேக்காவிலிருந்து கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிப்போனேன். அடுப்பில் வாட்டி, ஜேவோடு சேர்த்து இடித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘நோங்’, அதாவது தம்பி. அவர் எனக்கு ‘பீ’, அக்கா. கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி ‘கின் காவ் ருயாங்’. சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஆத்தாவும் போனில் இதைத்தான் முதலில் கேட்கும்.

மாடியிலிருந்த தாய்லாந்துக் கடையில் பிளாரா பாட்டிலில் கிடைக்கும். அக்கா தொடமாட்டார். காய்ச்சி வடிகட்டியது, உயிர் இல்லை என்பார். அம்மா போட்ட ஊறல்தான் வேண்டும். ஒருமுறை ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் அதைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பாட்டில் வழியிலேயே உப்பி, மலேசியாவில் எங்கேயோ மூடி தெறித்துவிட்டது. பஸ் முழுக்க வசவு. வந்து சேர்ந்தது அரை பாட்டில். அதை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றி, ‘கடைக்கு இல்லை’ என்று தாய்லாந்து எழுத்தில் எழுதி ஒட்டினார். ஐந்து மாதம் ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் டீஸ்பூனால்தான் எடுப்பார்.

2022இல் கட்டடம் 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) கைமாறியது. பாரம்பரியக் கட்டடம் என்று முந்தின வருஷமே அறிவித்துவிட்டதால் இடிக்கவில்லை, ஆனால் 2023 மே மாதத்துக்குள் எல்லோரும் காலி செய்யவேண்டும் என்றார்கள். முதலாளி வேறொரு மாலில் இடம் பிடித்தார். பளபளவென்று இருக்கும். அங்கே உரல் இடிக்கும் சத்தத்துக்குப் புகார், வாசத்துக்குப் புகார். மூன்றரை மணிச் சாப்பாடு நின்றது. அக்கா பின்பக்கம் சரக்கு இறக்கும் இடத்தில் பிரெட் தின்றுகொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். அன்றைக்கு நான் எதுவும் ஆர்டர் பண்ணவில்லை.

தேக்கா டீ:

எங்கள் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் கருவாடு வறுத்த அன்று கீழ் வீட்டுக்காரர் கேஸ் லீக் என்று நினைத்து மேலே ஏறி வந்தார். அக்கா மூடியைக் கவிழ்த்த வேகம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஈப்போ வாசி:

மலேசியாவில் கதை வேறு மாதிரி. இங்கே தாமான் (குடியிருப்புப் பகுதி) தோறும் ‘தோம்யாம்’ கடை இருக்கும், அதே டாம் யாம்தான். நிறையக் கடைகளில் சமைப்பவர்கள் தென் தாய்லாந்தின் பட்டானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களிலிருந்து வந்த மலாய் முஸ்லிம்கள். எங்கள் தாமான் கடை அபாங் (அண்ணன்) பேசுவது கிளந்தான் மலாய் மாதிரியே இருக்கும். மாதம் ஒருமுறை சுங்கை கோலோக் எல்லைக்குப் போய் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கித் திரும்புவார். திரும்பும்போது கையில் ‘புடு’ பாட்டில் இருக்கும். நெத்திலியை உப்பில் ஊறவைத்த கறுப்புச் சாறு. சங்குப்பூவில் நீலமாக்கிய சோறு, பொடியாக நறுக்கிய இலை தழை, வறுத்த தேங்காய், மேலே புடு. கடை சாத்தும் நேரத்தில் சமையல்காரர்கள் சாப்பிடுவது அது. நான் கேட்டால் தோம்யாம்தான் தருகிறார். “இது உனக்கு வேண்டாம்” என்கிறார். பத்து வருஷமாகக் கேட்கிறேன் ஐயா.

பால்கனித் தோட்டம், லாஸ் ஏஞ்சலிஸ்:

புதுக்கோட்டைக்காரர் சொன்ன ஜாம் பாட்டில் போல எங்கள் பில்டிங்கில் ஒரு தொட்டிச் செடி உண்டு.

ஹாலிவுட் பூலவார்டில் ஒரு துண்டை 1999இல் ‘தாய் டவுன்’ என்று மாநகராட்சியே அறிவித்தது. அங்கே ரெஸ்டாரன்ட் சமையலில் இருந்து ஓய்வு பெற்ற ஆன்ட்டி ஒருவர் எங்களுக்குக் கீழ் வீடு. அவர் பால்கனியில் மக்ரூட் எலுமிச்சை வளர்க்கிறார். இலை எட்டு எழுதின மாதிரி இரண்டாக இடுங்கியிருக்கும். கிழித்தால்தான் வாசம். தாய்லாந்திலிருந்து பச்சை இலை கொண்டுவரத் தடை. சிட்ரஸ் மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சிதான் காரணம். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் பூச்சி 2008இலும் நோய் 2012இலும் கண்டுபிடிக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் உயிர். அதனால் அம்மா பெட்டியில் ஒளித்துவைத்த கறிவேப்பிலையையும் ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள். நானும் தொட்டியில்தான் வளர்க்கிறேன். விவசாயத் துறை ஆள் வந்து பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை ஒவ்வொன்றை இரண்டு செடியிலும் தொங்கவிட்டுப் போனார். அவர் போகும்வரை ஆன்ட்டி செடியை விட்டு நகரவில்லை. பிள்ளையை டாக்டர் பார்க்கும்போது அம்மாக்காரி நிற்பது மாதிரி.

அன்றுதான் முதலில் பேசினோம். ஒரே பில்டிங் என்பதால் இலை மாடிப்படியைத் தாண்டினால் போதும், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். அவர் கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து வேர்க்கடலையோடு கலக்கிறார். நான் அவர் இலையை ரசத்தில் போட்டேன். வீட்டில் பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேர் சோப்பு வாசம் என்றார்கள். ஆன்ட்டி இப்போது தினமும் சமைப்பதில்லை, முழங்கால் வலி. ஆனாலும் காலையில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.

சரி, அந்த உடோன் தானி அக்கா இப்போது எங்கே?

புதுக்கோட்டைக்காரன், சிங்கப்பூர்:

2023 கடைசியில் ஊருக்கே போய்விட்டார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அதோடு மால் பிடிக்கவில்லை. வீட்டு முன்னால் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். ஊரே ஜேவும் பிளாராவும் சாப்பிடுகிறது, அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ‘சிங்கப்பூர் சாப்பாடு போடு’ என்கிறார்களாம். போன மாதம் வீடியோ காலில் வந்தார். பின்னால் நாய், கோழி, ஜாடி ஜாடியாக ஊறல். அதையெல்லாம் விட்டுவிட்டு, நம் கடைகளில் விற்கும் மீன்தலைக் கறியை எப்படி வைப்பது என்று கேட்டார். சிங்கப்பூரில் இருந்தபோது மாதச் சம்பளம் வாங்கிய அன்று தனியாகப் போய்ச் சாப்பிடுவாராம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

ஆத்தாவிடம் கேட்டுச் சொன்னேன். கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்று மக்ரூட் இலையைக் கிழித்துப் போட்டிருக்கிறார். (பால்கனித் தோட்டம் கவனிக்கவும்.) நன்றாக இருந்ததாம், ஆனால் ‘அந்த’ ருசி வரவில்லையாம். தேக்காவிலிருந்து அரை கிலோ மீன் மசாலா வேண்டுமாம். நம் பழைய வெல்டர் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார், கொடுத்துவிட வேண்டும்.