உதவி: மார்த்தாவின் சித்தி எப்படி ஸ்கெல்டன் ஆனார்? பிறந்த தேதியும் இரண்டு வருகிறது

கிளைதேடி:
வணக்கம். வர்ஜீனியா தோட்ட முதலாளி மனைவி மார்த்தாவின் வம்சவரிசையைச் சார்ட்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை துறைக் கண்காட்சியில் ஒட்ட வேண்டும். பிறந்த தேதி ஓரிடத்தில் அக்டோபர் 19, இன்னோரிடத்தில் அக்டோபர் 30. அப்புறம் சித்தி, அதாவது அப்பாவின் இன்னொரு மனைவி, பெயரும் ஸ்கெல்டன், மார்த்தாவின் முதல் கணவர் பெயரும் ஸ்கெல்டன். மாமியாரையே அப்பா கல்யாணம் செய்துகொண்டாரா? வம்சவரிசைச் செயலி பிழை என்று சிவப்புக் கோடு காட்டுகிறது. அவசரம்.

தெற்குவாசல்:
எந்த மார்த்தா? ஜார்ஜ் வாஷிங்டன் மனைவியும் மார்த்தாதான். அவரும் வர்ஜீனியா, அவரும் முதல் கணவரை இழந்து 1759இல் மறுமணம் செய்தவர். வருடமும் இல்லை, கணவர் பெயரும் இல்லை.

நிலாச்சோறு:
தேதி விஷயம் எனக்குத் தெரியும். ஒன்று பிறந்த நாள், மற்றது ஞானஸ்நானம். எங்கள் பூட்டனார் பெயரைப் பங்குப் பதிவேட்டில் தேடியபோது இதே குழப்பம்தான் வந்தது.

வாத்தியார்_65:
ஸ்கெல்டன் என்று எழுதிய பிறகுமா எந்த மார்த்தா என்று கேட்பீர்கள்? பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் மனைவி, மார்த்தா வெய்ல்ஸ், 1748இல் பிறந்தவர். ஊரும் வருடமும் எழுதாமல் இழை தொடங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியாகிவிட்டது! சரி, கேளுங்கள். அப்பா ஜான் வெய்ல்ஸுக்கு மூன்று மனைவிகள். முதல்வர் மார்த்தா எப்ஸ். மகளைப் பெற்ற கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். அடுத்தவர் டபிதா காக். மூன்றாமவர் எலிசபெத் லோமாக்ஸ், ரூபன் ஸ்கெல்டனின் கைம்பெண். அந்த ரூபனின் தம்பிதான் பாதர்ஸ்ட் ஸ்கெல்டன். 1766இல் மார்த்தாவை மணந்தவர் அவர்தான். ஆக, சித்தி மாமியார் ஆகவில்லை, ஓரகத்தி முறைதான் ஆகிறார். அந்தக் கல்யாணத்துக்கு ஐந்து வருடம் முன்பே அவர் இறந்தும் போனார். குடும்பப் பெயரை வைத்துக் கோடு போடாதீர்கள், ஆளை வைத்துப் போடுங்கள்.

தெற்குவாசல்:
எனக்கு ஒரு சந்தேகம். ஜெபர்சன் கல்யாணத்துக்காக 1771 டிசம்பரில் எழுதிய பாண்டில் (திருமண உறுதிப் பத்திரத்தில்) மணப்பெண்ணைக் கல்யாணமாகாதவர் என்றுதானே குறித்திருக்கிறது? அப்படியென்றால் ஸ்கெல்டனைக் கட்டியது வேறொரு மார்த்தாவாக இருக்கலாம்.

ஆவணப்பெட்டி:
பாண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் ‘கைம்பெண்’ என்று எழுதியிருக்கும். ஸ்கெல்டன் 1768இல் இறந்தார். அவர்களுடைய ஒரே மகன் ஜான் 1771 ஜூனில், நாலு வயது நிரம்பும் முன்பே போய்விட்டான். மறுமணம் 1772 ஜனவரி 1.

கிளைதேடி, அக்டோபர் 19 என்பதை எங்கே பார்த்தீர்கள்? தேதியை ஒட்டி வேறு எழுத்து ஏதாவது இருந்ததா?

கிளைதேடி:
கல்லறைக் கல்லின் படத்தில். பக்கத்தில் ஓ.எஸ். என்று இரண்டு எழுத்து இருந்தது. கல் செதுக்கியவர் குறி என்று விட்டுவிட்டேன்.

ஆவணப்பெட்டி:
விடை அதில்தான் இருக்கிறது. பழைய கணக்கு என்று அர்த்தம். இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பரில்தான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. அப்போது 11 நாள் தள்ளிப்போனது. பழைய 19தான் புதிய 30. ஞானஸ்நானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சார்ட்டில் இரண்டையும் குறித்துப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று எழுதுங்கள்.

நிலாச்சோறு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று. மார்த்தாவின் மகள் மரியா, ஜான் வெய்ல்ஸ் எப்ஸ் என்பவரைக் கட்டினார். அவரை அத்தை மகன் என்று போட்டுவிடாதீர்கள். அவர் அம்மா எலிசபெத், டபிதா காக்குக்குப் பிறந்தவர், மார்த்தாவுக்குத் தங்கை. அப்படியானால் சித்தி மகன், நம் கணக்கில் அண்ணன் முறை!

வாத்தியார்_65:
வர்ஜீனியாக்காரர்களை நம் முறைக்குள் இழுக்காதீர்கள். அவர்களுக்கு அத்தை மகனும் சித்தி மகனும் ஒரே சொல்தான். அந்த வீடுகளில் இப்படிக் கட்டிக்கொள்வது சாதாரணம், நிலம் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும்.

நிலாச்சோறு:
முறைக்குள் இழுக்கவில்லை. தமிழில் எழுதினால் எந்த உறவு என்று தமிழில் தெரிய வேண்டாமா? ‘ஒன்றுவிட்ட’ என்று பொதுவாக எழுதிவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

ஆவணப்பெட்டி:
முறை பற்றிப் பேசும்போது ஒரு கிளையை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். மூன்று மனைவியரும் இறந்த பிறகு, அடிமைப் பெண் எலிசபெத் ஹெமிங்ஸ் மூலம் ஜான் வெய்ல்ஸுக்கு ஆறு பிள்ளைகள். கடைசி சாலி, 1773. எலிசபெத் அந்த வீட்டுக்கு வந்ததே மார்த்தா எப்ஸின் கல்யாண ஒப்பந்தச் சொத்தாக. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது வர்ஜீனியாவின் 1662ஆம் வருடச் சட்டம். 1773இல் அப்பா இறந்தார். மறுவருடம் சொத்துப் பிரித்தபோது மார்த்தாவின் பங்காக வந்தவர்களில் இந்தத் தம்பி தங்கைகளும் இருந்தார்கள். நிலமும் கடனும் சேர்ந்து வந்தன. தயவுசெய்து இவர்களை ‘வேலையாட்கள்’ என்று ஓரமாகப் போடாதீர்கள். ஒரே அப்பா, வேறு அம்மா. கோடு ஜான் வெய்ல்ஸிடமிருந்து வர வேண்டும்.

தெற்குவாசல்:
1998 டிஎன்ஏ சோதனையில்தான் இது நிரூபணமாகிவிட்டதே.

ஆவணப்பெட்டி:
சாலியின் பிள்ளைகளுக்கு ஜெபர்சன் அப்பாவா என்பது வேறு கேள்வி. அந்தச் சோதனை பார்த்தது அதற்காக ஜெபர்சன் ஆண்வழியை, சாலியின் மகன் எஸ்டன் வம்சத்தில். வெய்ல்ஸ் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வெய்ல்ஸுக்குச் சான்று, சாலியின் இன்னொரு மகன் மேடிசன் 1873இல் பத்திரிகைக்குச் சொன்னது. ஜெபர்சனின் தோட்டமான மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த ஐசக் ஜெபர்சனின் நினைவுக்குறிப்பும் அதையே சொல்கிறது. ஜெபர்சன் விஷயத்தையும் வெய்ல்ஸ் விஷயத்தையும் குழப்பாமல் எழுதுங்கள்.

கிளைதேடி:
எல்லாருக்கும் நன்றி. சிவப்புக் கோடு போய்விட்டது. ஹெமிங்ஸ் பிள்ளைகள் ஆறு பேரையும் ஜான் வெய்ல்ஸ் கீழே போட்டேன். அட்டை பத்தவில்லை, இன்னொன்றை ஒட்டிச் சேர்த்தேன். நாளைக் காலை மாட்டுகிறோம்.

நிலாச்சோறு:
மரியா கணவரைக் கடைசியில் என்னவென்று போட்டீர்கள்?

ஆவணப்பெட்டி:
மாட்டியதும் ஒரு படம் போடுங்கள்.