ஆற்றங்கரை நடைபாதையை மூன்று முறை போட்ட கதை

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் பெருகிவிட்ட ஊரில் காலை நடைக்கு நெடுஞ்சாலை ஓரத்தை விட்டால் வேறு இடம் இல்லாததால், படித்துறையிலிருந்து சுடலைமாடன் கோவில் வரை முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தோம். கரை முழுவதும் ஆற்றுப் புறம்போக்கு. அனுமதிக்காக அலைந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2022 கோடையில் முதல் பாதை முடிந்தது. சீமைக்கருவேலத்தை அகற்ற வந்த ஜேசிபி, அதோடு சேர்த்து நாணலையும் வேரோடு வாரிக்கொண்டு போனது. கரை துப்புரவாகிவிட்டது என்று நாங்களும் மகிழ்ந்தோம். கிராவல் கொட்டி இரண்டடி உயர்த்தி, மேலே சிமெண்ட் கல் பாவி, இருபுறமும் தடுப்புக் கல் வைத்தோம். கடைசி நாற்பது மீட்டருக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. மருத மரங்கள் நிற்கும் அந்தப் பகுதியில் மட்டும் புல்லைச் செதுக்கி, தரைமட்டத்திலேயே ஓர் ஒற்றையடிப் பாதையாக விட்டுவிட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேலே அணைகளும் திறக்கப்பட்டன. எங்கள் பாதைக்கு மேல் ஒன்றரை நாள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், உயர்த்திக் கட்டிய பகுதி மூன்று இடங்களில் முழுதாக அறுந்து கிடந்தது. பல இடங்களில் கற்களுக்கு அடியிலிருந்த மணலைத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போயிருந்ததால் மேல்தளம் பல்வரிசை போல அந்தரத்தில் தொங்கியது. பணம் இல்லாமல் அப்படியே விட்ட நாற்பது மீட்டரில் மட்டும் வண்டலைத் தவிர வேறு சேதமே இல்லை.

மூன்று உடைப்புகளும் ஆற்றுப்பக்கத்தில் தொடங்கியவை அல்ல என்பதைக் கண்டுசொன்னவர், முன்பு எங்கள் வாய்க்காலுக்கு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர். ஆறு ஏறுவதற்கு முன்பே வயல்களிலிருந்து வடிந்து வந்த மழைநீர், நாங்கள் உயர்த்திய பாதை அணை போல மறித்ததால் பின்னால் குளமாகத் தேங்கி, தாழ்ந்த இடம் பார்த்து அறுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. "தண்ணி வந்தது தப்பில்ல சார்வாள், வந்த தண்ணிய நீங்க மறிச்சுப் போட்டியளே, அதுதான் தப்பு" என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் உடைந்த மண்ணின் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று அவர் கம்பை வைத்துக் காட்டியபோது மறுபேச்சுப் பேச முடியவில்லை.

இரண்டாம் முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தைப்பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், வெள்ளம் விட்டுப்போன ஈர வண்டலையே பள்ளங்களில் அள்ளிப் போட்டோம். அது சித்திரையில் வெடித்து, ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவதாக 2025 கோடையில் செய்தது இன்றுவரை நிற்கிறது. மிச்சமிருந்த கற்களைப் பெயர்த்துவிட்டுப் பாதையைத் தரைமட்டத்துக்கு இறக்கினோம். உடைந்த சரிவில் நேரடியாக மண் கொட்டாமல், பழைய மண்ணோடு புது மண் கோத்துக்கொள்ளும்படி முதலில் படிப்படியாக வெட்டினோம். அரை அடிக்கு மேல் ஒரே தடவையில் மண் போடவில்லை. ஒவ்வொரு அடுக்கையும் நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய பிறகே அடுத்ததைப் போட்டோம். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை அழுத்தி உருண்டை பிடிப்போம். பிடித்தால் நிற்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும், கையில் ஒட்டினால் அன்றைக்கு வேலை இல்லை. வயல்நீர் வந்து சேரும் ஐந்து இடங்களில் சிமெண்ட் குழாய் புதைத்து, குழாய் வாயில் தண்ணீர் விழுந்து பறிக்காமல் இருக்கக் கருங்கல் அடுக்கினோம். மிகத் தாழ்ந்த முப்பது மீட்டரை உயர்த்துவதற்குப் பதிலாக, வெள்ளம் ஏறி இறங்கிப் போகும்படி கல் பாவிய தரைப்பாலம் போல விட்டோம். சரிவில் சாண் இடைவெளியில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். நாங்கள் பிடுங்கிய நாணல் பாதியிடங்களில் தானாகவே திரும்பி வந்துவிட்டது.

வாசகர் ஒருவரின் பின்னூட்டம்: கடலூர்ப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். கட்டுரை எழுதிய ஐயா சொன்னதிலிருந்து எங்கள் சேதம் சற்று மாறுபட்டது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது எங்கள் பாதைக்கு இரண்டு வேப்ப மரங்கள் விழுந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் கரை நின்றது. வெள்ளம் இறங்கி, பிழைத்தோம் என்று நினைத்த பிறகுதான் பதினைந்து மீட்டர் நீளத்துக்குக் கரை ஆற்றுக்குள் சரிந்தது. ஆறு வேகமாக இறங்கும்போது, மண்ணுக்குள் ஊறிய நீர் உடனே வடியாமல் கனத்து வெளியே தள்ளுகிறது. அதுவரை முட்டுக்கொடுத்து நின்ற ஆற்றுநீரும் அப்போது இருப்பதில்லை. எனவே தண்ணீர் வடிந்த உடனே நடக்கப் போகாதீர்கள். ஆற்றுக்கு இணையாக மயிரிழை விரிசல் ஓடினாலும் அந்தப் பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். மேலும் மழைநீர் இறங்காதபடி விரிசலைத் தார்ப்பாயால் மூடுங்கள். நாங்கள் சரிந்த இடத்தைக் கட்டவே இல்லை. பக்கத்துச் சவுக்குத் தோப்புக்காரர் நான்கு மீட்டர் விட்டுக்கொடுத்தார். மூன்று மாதம் கெஞ்சிய பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார் என்றாலும், பாதை இப்போது அவர் தோப்பு வழியாக வளைந்து போகிறது.

இன்னொரு வாசகரின் பின்னூட்டம்: நான் செவிலியராக வேலை செய்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவினர் ஆற்றோரம் சுத்தம் செய்யப் போனபோது உடன் போனேன். முதல் நாளே ஒருவர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது, இன்னொருவர் சேற்றில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதிக்கப் பார்த்தார். மின்வாரியத்தில் கேட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் இறங்காதீர்கள். காலில் புண் இருப்பவர்கள் வெள்ளச் சேற்றில் நிற்கவே கூடாது; எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். குப்பைக் குவியலைக் கையால் கிளறாமல் முதலில் நீளக் கம்பால் தட்ட வேண்டும், ஏனென்றால் வெள்ளத்துக்குத் தப்பிய பாம்புகளும் மேடு தேடித்தான் வந்திருக்கும்.

கட்டுரை எழுதியவரின் பதில்: தோப்பு வழியாகப் பாதையைத் திருப்பியது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் பக்கம் வயல்காரர்களிடம் ஓரடி வாங்குவதற்குள் மூன்று வெள்ளம் வந்துவிடும். செவிலியர் அம்மா சொன்ன ஆணி விஷயம் எங்களுக்கும் நடந்தது. அதன் பிறகுதான் ரப்பர் காலணி வாங்கினோம். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிப் போனது. விடிந்ததும் வண்டலை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, ஏழு மணிக்கு நடந்தோம். தொந்தரவு கொடுப்பது குழாய்கள்தான்: தென்னமட்டையும் பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து எடுக்கிறோம், இந்த வாரம் என் முறை.