கொடைக்கானல்ல முட்டி வலிக்காரரோட குருவி பார்க்கணும், எங்க போகலாம்?

கேள்வி (திண்டுக்கல்):
என் மாமனாருக்கு 67 வயசு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பத்து மேல ஏறி ஏறி குருவி பார்த்தே பழகிட்டாரு. போன தீபாவளிக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தோம், அதுல இருந்து வீட்டுல நிம்மதி இல்ல. ஜனவரியில ரெண்டு நாள் கொடைக்கானல் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். முட்டி வலி இருக்கு, ஏத்தம் ஏற முடியாது. ஏரியும் மரமும் பக்கத்துலயே இருந்து மெதுவா நடக்குற மாதிரி இடம் சொல்லுங்க. அவர் நோட்டுல முதல் பேரே "நீலகிரி சிரிப்பான்". கிடைக்குமா?

பதில் 1:
பேரிஜம் ஏரி போங்க. வனத்துறை அனுமதி வாங்கணும். சுத்தியும் காடு, சத்தமே இருக்காது.

பதில் 2 (நாயுடுபுரம், கொடைக்கானல்):
பேரிஜம் அழகுதான், இல்லன்னு சொல்லல. பெரியகுளத்துக்குக் குடிதண்ணி போற ஏரி, அவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. ஆனா குருவி பார்க்க நான் அனுப்ப மாட்டேன். காலையில பாஸ் வாங்கி வண்டி உள்ள போறதுக்குள்ள ஒன்பதரை ஆயிடும், குருவி அப்பவே சாப்பிட்டு முடிச்சு உள்ள போயிருக்கும். காட்டுக்குள்ள இறங்கி நடக்கவும் விட மாட்டாங்க. யானை வந்துச்சுன்னா அன்னைக்குப் பாஸே கிடையாது.

ஊருக்குள்ள இருக்குற ஏரியே போதும்க்கா. 1863-ல லெவிஞ்சுன்னு ஒரு கலெக்டர் ஓடையைத் தடுத்துக் கட்டினது. சுத்து ரோடு அஞ்சு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். மாமாவை முழுசாச் சுத்த வைக்காதீங்க. ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒரு ஓரமா ஒரு கிலோமீட்டர் நடந்தாப் போதும். எட்டு மணிக்கு மேல சைக்கிளும் குதிரையும் வந்துடும், பிறகு குருவியும் இல்ல, நிம்மதியும் இல்ல. நீர்ப்பறவைன்னு பெருசா எதிர்பார்க்காதீங்க. முக்குளிப்பான், நீர்க்காகம், அவ்வளவுதான்.

நிஜமான விஷயம் சோலையில இருக்கு. ஏரியில இருந்து ஆட்டோ பிடிச்சு பாம்பே சோலை ரோட்டோரம் இறங்குங்க. மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துட்டுப் போய் மாமாவை உட்கார வைங்க. நடக்கவே வேண்டாம். அரை மணி நேரம் ஒண்ணும் வராது, சலிச்சுப் போய் கிளம்பிடாதீங்க. திடீர்னு கூட்டமா வரும். முதல்ல பொடிசுங்க, பின்னாடியே மரத்துல தலைகீழா இறங்குற நீல நட்ஹாட்ச், சிவப்பு அலகோட. ரெண்டு நிமிஷத்துல எல்லாம் தாண்டிப் போயிடும்.

நீலகிரி சிரிப்பான் இங்க கிடையாது. நம்ம ஊருக்குப் பழனிச் சிரிப்பான். வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செங்காவி வயிறு. "பீ-கோக்கோ, பீ-கோக்கோ"ன்னு கத்தும், காதுல விழுந்துட்டா அப்புறம் மறக்காது. அதை விட எனக்குப் பிடிச்சது சோலைக்கிளி. பேர்லதான் கிளி. உண்மையில கருநீலத்துல, வெள்ளை வயித்தோட, தரையிலயே தத்தித் திரியுற சின்னக் குருவி. வெளிச்சம் மங்கலா இருக்கறப்போதான் ரோட்டோரம் வரும்.

இன்னும் ரெண்டு விஷயம். பொங்கல் லீவுல வராதீங்க. காட்டுமாடு எதிர்ல வந்தா நின்ன இடத்துல இருந்து மெதுவாப் பின்னாடி வாங்க, போட்டோ எடுக்கக் கிட்டப் போகாதீங்க. எங்க தெருவுல தினம் வரும், ஆனாலும் நான் இன்னும் ஒதுங்கித்தான் நிக்கிறேன். சொந்த வண்டின்னா இ-பாஸ் பதிவு பண்ணிடுங்க, 2024 மே மாசத்துல இருந்து கேக்குறாங்க.

பதில் 3 (ஊட்டி):
சரியாச் சொன்னீங்க. நீலகிரி சிரிப்பானுக்கு எங்க ஊருக்குத்தான் வரணும், கேர்ன்ஹில் பக்கம் தாராளமாப் பார்க்கலாம். நடுவுல பாலக்காட்டுக் கணவாய் இருக்கே, இந்தக் குருவிங்க அதைத் தாண்டாது. எங்க சோலைக்கிளிக்கும் வயிறு வெள்ளை இல்ல, செம்மண் நிறம்.

கேள்வி கேட்டவர்:
போயிட்டு வந்துட்டோம் தம்பி, ரொம்ப நன்றி. முதல் நாள் பனிமூட்டம். மாமா மூச்சு பட்டுப் பட்டு பைனாகுலர் கண்ணாடி மங்கி, மஃப்ளர்ல துடைச்சே காலை போயிடுச்சு. ரெண்டாம் நாள் நாற்காலி யோசனை பலிச்சுது. சோலைக்கிளியை அவர் பார்த்துட்டாரு. நான் பிளாஸ்க்குல டீ ஊத்திக்கிட்டு இருந்தேன், பார்க்கல. மூணு நாளா அதையே சொல்லிக் காட்டுறாரு. நோட்டுல நீலகிரியை அடிச்சுட்டுப் பழனின்னு எழுதியிருக்காரு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. சத்தம் மட்டும்தான் கேட்டாராம்.

ஒண்ணு கேக்கச் சொன்னார். ஏரிக்கரைக் கல்லு மேல வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, வயிறு மஞ்சள். என்ன குருவி?

பதில் 2:
சாம்பல் வாலாட்டி. வயிறு மஞ்சளா இருக்கறதுக்கு ஏன் அந்தப் பேருன்னு மாமா சண்டைக்கு வந்தா முதுகைப் பார்க்கச் சொல்லுங்க.